விரலை எடுத்தாலும் மூடாத பச்சை

கல்யாணமான மறு வருடம், அருள்புரம் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். செக்ஷன் என்பது பெரிய பேச்சு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், கரண்ட் போகும்போதெல்லாம் காலடியில் கத்தும் ஒரு யுபிஎஸ். மற்ற மேசைக்காரர் கணக்குப் பிரிவுக்கு மாறிவிட்டதால், அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான் என்று ஆகிப்போனது. மவுஸ் வேலை செய்யவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து மெயில் வரவில்லை என்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அங்கே நான் உருப்படியாகச் செய்தது கம்பெனியின் வெப்சைட். அதில் எல்லோருக்கும் பிடித்தது நிறம் பார்க்கும் பக்கம். ஓர் ஆர்டர் வந்தால் முதலில் நிறம் முடிவாக வேண்டும். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, கேட்ட நிறத்தைச் சாய ஆலையில் சின்னத் துணித் துண்டுகளில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரே பச்சையில் ஏ, பி, சி என்று மூன்று சாயல் வரும். அந்தத் துண்டுகள் கூரியரில் வெளிநாட்டுக்குப் போகும். அவர்கள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, எது சரி என்று சொன்ன பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். முன்பு அந்த 'சரி' மெயிலில் வந்தது, சிலசமயம் போனில் வந்தது, யாரோ ஒருவர் மறந்தும் போனார். அதனால் அதற்கென்று ஒரு பக்கம் செய்யச் சொன்னார் எங்கள் முதலாளி, எம்.டி.

நான் செய்தது இப்படி. பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்களாக நிறங்கள் இருக்கும். மவுஸை ஒரு சதுரத்தின் மேல் கொண்டுபோனால், கிளிக் செய்யாமலேயே அது பூரி மாதிரி உப்பிப் பெரிதாகும். அதன் மேலேயே 'ஓகே' என்றும் 'வேண்டாம்' என்றும் இரண்டு பட்டன் தோன்றும். வேண்டியதை அமுக்கினால் பதிவாகிவிடும், படமும் பழையபடி சுருங்கிவிடும். எதையும் அமுக்காமல் மவுஸை நகர்த்தினாலும் சுருங்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் இது எங்கள் ஊர்க் கம்பெனிகளில் யாரிடமும் இல்லை. எம்.டி. தன் அறைக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவார். அதற்காகவே நிஜமில்லாத ஓர் ஆர்டரை உள்ளே போட்டுவைக்கச் சொல்லியிருந்தார். "பாருங்க, தொடக்கூட வேண்டாமுங்க, மேல போனாப் போதும்," என்பார். தடுப்புக்கு இந்தப் பக்கம் அது என் காதில் விழும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். அதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பது என்று நினைக்கிறேன். ஆடிக் காற்று ஆனியிலேயே வந்து ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. மெர்ச்சண்டைசர் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஓர் ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை நடத்திச் செல்வது அவர் வேலை. தூத்துக்குடிப் பக்கம் ஊர். கணவர் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு திருப்பூர் வந்து, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் தொடங்கி, ஆங்கிலம் பேசக் கற்று, இந்த நாற்காலிக்கு வந்தவர். மதியம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

"ஏ பிள்ள, இதக் கொஞ்சம் பாரேன்," என்றார்.

வாங்கும் கம்பெனியில் நிறம் பார்க்கிற பெண்மணியிடமிருந்து, எங்களுக்கு அவர் பையர் அம்மா, மெயில் வந்திருந்தது. பச்சைக்கு அனுப்பிய மூன்று துண்டுமே மஞ்சள் தூக்கலாக இருக்கின்றன, புதிய துண்டுகள் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். சாதாரணமான மெயில்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பச்சைக்கு நேராக, சி சாயலுக்கு, போன வாரமே 'ஓகே' விழுந்திருந்தது. அதை நம்பி வீரபாண்டியில் சாய ஆலையில் துணி இறங்கத் தொடங்கிவிட்டது.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூடித் திரும்பத் திறந்தேன். ஓகே ஓகேயாகவே இருந்தது.

எம்.டி. எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், 'ங்க' இன்னும் கூடும்.

"ஓகே குடுத்துப்போட்டு இப்ப மாத்திப் பேசறாங்க. அவிங்க ஊர்ல யாவாரம் சரியில்லையாட்ட இருக்குது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, கம்ப்யூட்டர்ல அதுவா ஓகே விழுமுங்களா? யாரும் அமுக்காம?"

"விழாதுங்க சார்," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். யாராவது அமுக்கினால்தான் விழும். ஆனால் அவர் அடுத்த கேள்வியை அக்கா பக்கம் திருப்புவார் என்று நான் நினைக்கவில்லை.

"அப்ப யாரோ அமுக்கியிருக்காங்க. அந்தம்மா அமுக்கலைங்கறாங்க. அவிங்க பாஸ்வேர்டு உங்களுக்குந் தெரியுமல்லங்க? ஷிப்மெண்ட் தள்ளிப்போகுதுன்னு நீங்களே உள்ள போயி ஓகே பண்ணிட்டீங்களா?"

பையர்கள் அடிக்கடி பாஸ்வேர்டை மறந்துபோவதால் மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் அதை ஒரு பேப்பரில் எழுதி வைத்திருப்பது வழக்கம். அது எல்லோருக்கும் தெரியும், எம்.டி.க்கும் தெரியும். அக்கா, "என் பிள்ளைய மேல சத்தியமா நான் செய்யல சார்," என்றார். அவர் குரல் அப்படி ஆகி நான் அதுவரை கேட்டதில்லை.

"சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியோணுங்க. சாயத்தை நிறுத்த வேண்டாம். தேதி நெருங்கிருச்சு. எங்க பக்கம் ஓகே இருக்குது, நாங்க ஓட்டறோம்," என்றார் எம்.டி.

வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். 'விழாதுங்க சார்' என்று நான் சொன்ன ஒற்றை வார்த்தை அந்த அறையில் அக்காவின் கழுத்தில் சுருக்காக விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பொய்யும் சொல்லவில்லை, தப்பும் சொல்லவில்லை.

யார் எப்போது பக்கத்துக்குள் வந்தார்கள் என்று சர்வர் தானாகக் குறித்து வைக்கும். அதைத் திறந்து அந்த நாளுக்குப் போனேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, பையர் அம்மா ஏ, பி, சி மூன்றுக்குமே ஒன்றன்பின் ஒன்றாக ஓகே போட்டிருந்தார். ஒரு நிறத்துக்கு ஓர் ஓகேதான் நிற்கும் என்பதால் கடைசியாக வந்த சி மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே பச்சையில் மூன்றையும் சரி என்று யார் சொல்வார்கள்? இரண்டாவது, எப்போதும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறவர் அன்று மட்டும் ஒரு போனிலிருந்து வந்திருந்தார். பட்டனே இல்லாத, விரலால் தொட்டால் வேலை செய்கிற புதுப் போன். அதன் பெயரைப் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறேன்.

அக்காவிடம் காட்டினேன். "அப்பம் அந்தம்மாதானா அமுக்கினது?" என்றார்.

"அவங்கதான் அமுக்கியிருக்காங்க. ஆனா அமுக்கறதா நெனச்சு அமுக்கலை போலக்கா."

"அது எப்படி?"

அது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. மவுஸை மேலே கொண்டுபோனால் படம் பெரிதாகும். அந்தப் போனில் மவுஸே இல்லையே. அப்படியென்றால் படம் பெரிதாகவே கூடாது, பட்டன் வரவே கூடாது. என் கணக்குப்படி அவர் எதையுமே அமுக்கியிருக்க முடியாது. இதை எம்.டி.யிடம் போய்ச் சொன்னால், போனிலிருந்து வந்ததென்றால் அதுவும் பையர்தானே, மாற்றிப் பேசுகிறார்கள் என்று அப்போதே சொன்னேனே என்பார். பையருக்கு அப்படி ஒரு கடிதம் போனால் ஆர்டர் மட்டுமல்ல, அந்தக் கம்பெனியின் உறவே போகும். அப்போதும் பழி வந்து நிற்கப்போவது அந்தப் பையரோடு பேசுகிற அக்காவின் தலையில்தான்.

முதலில் சாயத்தைப் பார்ப்போம் என்று அக்காவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வீரபாண்டிக்குப் போனேன். வழியெல்லாம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி கேட்டது.

சாய ஆலையில் தரையெல்லாம் ஈரம். பாய்லர் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். மேனேஜர் நடுவயதுக்காரர், மடித்துக் கட்டிய வேட்டி, ரப்பர் செருப்பு. எங்களை உட்காரச் சொல்லி டீ சொன்னார். நாங்கள் உட்காரவில்லை. சாயமேறிய துணி ஒரு தள்ளுவண்டியில் குவிந்து கிடந்தது. மாங்காய்த் தோல் மாதிரி மஞ்சள் கலந்த பச்சை.

"ரெண்டு லாட் துணி எறங்கிருச்சுங்க. அடுத்தது சாப்பாட்டுக்கு மேல ஏத்தறோம்," என்றார்.

"அத நிறுத்தணும் சார். பையர் வேண்டாங்குதாவ," என்றார் அக்கா.

"மொதலாளி சொன்னாருங்களா?"

"இன்னும் இல்லைங்க," என்றேன்.

"அவரு சொல்லோணுமுங்க. நீங்க சொல்லி நிறுத்தி, நாளைக்கு ஏன் நிறுத்துனன்னு அவரு கேட்டா நான் என்ன சொல்றதுங்க அம்மிணி? சாப்பாட்டு நேரம் முடியற வரைக்கும் காத்திருக்கறேன். அதுக்கு மேல மெஷினைச் சும்மா விட முடியாதுங்க." அவர் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எனக்குத் தேவை அந்த மாதிரி ஒரு போன். கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஊரில் யாரிடம் இருக்கும்? தெரிந்தவர்களிடமெல்லாம் இருந்தது பட்டன் போன். ஒருவர் தன்னிடம் இருப்பதாகச் சொன்னது குச்சியால் குத்துகிற வேறு ரகம். கடைசியில் என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தில் இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

"நம்ம பெரியப்பா ஊட்டுல இன்னைக்குக் காதுகுத்தல்ல, குன்னத்தூர்ல? அங்க சிங்கப்பூர் மருமக வந்திருக்குது. நேத்துப் போனப்ப அது கையில அப்படியொண்ணு பாத்தேன்," என்றார்.

அந்தக் காதுகுத்துக்கு வர முடியாது, லீவு கிடைக்காது என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். இப்போது ஆபீஸ் சேலையில், கையில் ஒரு சீரும் இல்லாமல் போய் நிற்க வேண்டும். அக்கா, "நீ போ. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். அவிய துணி ஏத்தாம பாத்துக்கிடுதேன்," என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

வீரபாண்டியிலிருந்து குன்னத்தூர் திருப்பூரைத் தாண்டி அந்தப் பக்கம். எதிர்காற்று ஸ்கூட்டியை இழுத்துப் பிடித்தது. பெருமாநல்லூர் தாண்டியபின் லாரிகள் இல்லை, ஆனால் பெட்ரோல் முள் கீழே கிடந்தது. நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது, அந்தப் பெண் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தால் என்ன செய்வது, போனைத் தர மாட்டேன் என்றால், தந்தும் ஒன்றும் தெரியாவிட்டால்? இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. எம்.டி. நம்பர் வருகிறதோ என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் போனை எடுத்துப் பார்த்தேன்.

பந்தல் போட்ட வீட்டில் என்னைப் பார்த்ததும் பெரிய அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். "வா கண்ணு, லீவு இல்லீன்னு சொன்னானே அவன். அவ்வளவு தூரம் வண்டியிலயா வந்தே? மொதல்ல உக்காந்து சாப்புடு."

"இல்லைங்கத்தை, ஒரு அவசரம்..."

"சாப்புடாம என்ன அவசரம்? பந்தி போட்டாச்சு, வா."

மறுக்கிற நிலையில் நான் இல்லை. போன் கேட்க வந்தவள் முதலில் இலை முன்னால் உட்கார வேண்டும். பரிமாறுகிறவர்கள் நிதானமாக வந்தார்கள். வீரபாண்டியில் இந்நேரம் சாப்பாட்டு மணி அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சோற்றை விழுங்கினேன். என்ன குழம்பு என்றுகூட நினைவில்லை. இலையை மடித்துவிட்டு நேராக உள் அறைக்குப் போனேன்.

சிங்கப்பூர் மருமகள் அங்கே கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். கனமான பட்டுச் சேலையில் அசையத் தெரியாமல், கையில் அந்தக் கறுப்புப் போனை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க முதல்ல உக்காருங்க அக்கா," என்றாள். "காலையிலேர்ந்து எல்லாரும் என் நகையைப் பத்திதான் கேட்டாங்க. இது எவ்வளவோ பரவாயில்லை. என்ன பண்ணணும் சொல்லுங்க."

உள்ளே சிக்னல் இல்லை. மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, எம்.டி. விருந்தாளிகளுக்குக் காட்டுகிற அந்தப் பொய் ஆர்டரை அவள் போனில் திறந்தோம். பக்கம் வரி வரியாக, மேலிருந்து கீழே, மெதுவாக இறங்கியது. நிறச் சதுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஏதாவது ஒரு நிறத்தைப் பாருங்க. நீங்களா இருந்தா எப்படிப் பாப்பீங்களோ அப்படியே," என்றேன். அவளிடம் ஓகே பட்டனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் நீலத்தை விரலால் தொட்டாள். நீலம் உப்பிப் பெரிதானது. மவுஸ் இல்லாத இடத்தில் மவுஸ் வந்ததாக அந்தப் போன் எடுத்துக்கொண்டுவிட்டது. பெரிதான நீலத்தின் மேல் ஓகே பட்டனும் வந்து நின்றது. அவள் விரலை எடுத்தாள்.

நீலம் சுருங்கவில்லை.

மவுஸாக இருந்தால் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், படம் மூடியிருக்கும். விரல் எங்கே நகரும்? அது கண்ணாடியை விட்டு மேலே போய்விட்டது. போனுக்கோ அது இன்னும் அங்கேயே இருப்பதாக எண்ணம். அவள் ஓரத்தில் வெள்ளையான இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதும் நீலம் அப்படியே நின்றது. பக்கத்துச் சதுரங்களையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது.

"இதை எப்படி மூடறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அவள் படத்தின் நடுவிலேயே இன்னொரு முறை தொட்டாள். படம் சுருங்கியது. "ஆ, மூடிருச்சு. இப்படித்தான் போல." அடுத்து சிவப்பைத் தொட்டாள், பார்த்தாள், அதே இடத்தில் மறுபடி தொட்டு மூடினாள்.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றேன்.

"படத்தை மூடினேன்."

"ஓகே அமுக்கினீங்களா?"

"இல்லையே. எதுக்கு அமுக்கணும்?"

அவள் மூடுவதற்குத் தொட்ட இடத்தில்தான் ஓகே இருந்தது. ஓகேயை அமுக்கினால் படம் சுருங்கும் என்று எழுதியதும் நான்தான். வேறு எந்த வழியிலும் மூடாத படம் அதில் மட்டும் மூடுகிறது. பையர் அம்மாவும் ஏ, பி, சி மூன்றையும் இப்படித்தான் பார்த்துப் பார்த்து மூடியிருக்கிறார். அவர் மூடியது ஒவ்வொன்றும் எங்களுக்கு ஓகே என்று வந்து சேர்ந்திருக்கிறது. மவுஸ் தொடாமலே பார்க்கும். விரலுக்கு அது வராது. பார்க்கவும் தொட வேண்டும், சம்மதிக்கவும் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியை நான் மவுஸை நம்பி விட்டிருந்தேன்.

என் போனில் எம்.டி.யைக் கூப்பிட்டேன். அவர் எடுத்தார்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல அந்த விருந்தாளி ஆர்டரைத் திறந்து வைங்க சார். ஏதாவது ஓகே விழுந்திருக்குதுங்களா?"

"நீலம், சிவப்பு. யாரு போட்டது?"

"இன்னொண்ணு போடறோம் சார். மஞ்சளைப் பாத்துட்டே இருங்க." அவள் மஞ்சளைத் தொட்டாள், மூடினாள். "இப்ப பக்கத்தைத் திரும்பத் திறங்க சார்."

அந்தப் பக்கம் மவுஸ் கிளிக் சத்தம் கேட்டது. "விழுந்திருச்சு," என்றார். "யாரு அங்க?"

நான் போனை அவளிடம் கொடுத்தேன். "அங்கிள், நான் கலரைப் பார்த்தேன். மூடலை. திரும்பத் தொட்டதும்தான் மூடுச்சு. ஓகேவை நான் கவனிக்கவே இல்லை," என்றாள். அவர் ஏதோ கேட்டார். "இல்லைங்க அங்கிள், யாரும் சொல்லிக்குடுக்கலை," என்றாள்.

போன் என் கைக்கு வந்தபோது அவர், "அந்தம்மா பொய் சொல்லலைங்கறீங்க," என்றார்.

"பொய் சொல்லலைங்க சார். நம்ம அக்காவும் சொல்லலை."

"சரி. வீரபாண்டிக்கு நான் சொல்லிக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். பாய்லர் சத்தத்தில் கேட்டிருக்காது என்று தெரியும். தெரிந்தாலும் என்ன. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பந்தலைப் பார்த்தபடி நின்றேன். கீழே யாரோ என் பெயரைச் சொல்லிக் காபி குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர்ப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் போகவில்லை என்பதே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அக்காவே கூப்பிட்டார். "ஏ பிள்ள, ஏத்திக்கிட்டு இருந்தாவ. பாதித் துணி உள்ள போயிட்டுது. நான் நடுவுல போயி நின்னுட்டேன், மேனேசரு என்னைய வெலகச் சொல்லுதாரு, அந்நேரம் மொதலாளி போனு வந்துட்டுது. இப்பம் உருவுதாவ. சாயம் இன்னும் விடல." பிறகு அழுதார். நான் அழவில்லை. அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்கெனவே சாயமேறிய இரண்டு லாட்டையும் வேறொரு ஆர்டருக்கு நேவி நீலமாக மேல்சாயம் போட்டு மாற்றினார்கள். வெளிர் நிறத்தை அடர் நிறமாக்கலாம், அடர்ந்ததை வெளிர் ஆக்க முடியாது, நல்லவேளை என்றார் சாய ஆலை மேனேஜர். எம்.டி. அந்த நீலத் துணியை வெளிச்சத்தில் பிடித்து அங்குமிங்கும் திருப்பிப் பார்த்தார். பச்சை எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று தேடினார். எட்டிப் பார்க்கவில்லை.

அக்காவிடம் அவர் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. மறுநாள் அக்காவின் மேசையருகில் வந்து நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். அக்கா, "சரி சார்," என்றார். அன்று மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவர் மேசை டிராயரில் இருந்த பாஸ்வேர்டுப் பேப்பரைக் கிழித்துப் போட்டதை மட்டும் பார்த்தேன். பையர் அம்மா, நடந்ததை நாங்கள் எழுதியபின், ரயிலில் வீட்டுக்குப் போகும்போது புதுப் போனில் பார்த்ததாகவும், படத்தை மூடும் வழி அதுதான் என்று நினைத்ததாகவும் பதில் எழுதினார். மூன்று சாயலையும் மூட ரொம்பச் சிரமப்பட்டேன் என்றும் எழுதியிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் நான் எங்கள் வெப்சைட்டில் மவுஸை நம்பி விட்டிருந்த இடங்களைத் தேடினேன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. மேலே இருந்த மெனு, மவுஸ் வந்தால்தான் கீழே விரியும். அளவு அட்டவணை, மவுஸ் நின்றால்தான் தெரியும். விரல்காரர்களுக்கு அவை இருப்பதே தெரியாது. நிறப் பக்கத்தில் உப்புகிற வேலையையே எடுத்துவிட்டேன். படம் எப்போதும் பெரிதாகவே இருக்கும். பட்டன்கள் படத்துக்கு மேல் இல்லாமல் கீழே, தள்ளி, எப்போதும் தெரியும்படி இருக்கும். ஓகேயை அமுக்கினால், எந்தச் சாயலுக்கு ஓகே சொல்கிறீர்கள், நிச்சயமா என்று இன்னொரு முறை கேட்கும். எம்.டி. பார்த்துவிட்டு, "மொதல்ல இருந்தது அழகா இருந்துச்சுங்க," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த முறை வெளிநாடு போனபோது அவர் அந்த மாதிரி ஒரு போன் வாங்கிவந்து, அலமாரியில் பூட்டி வைத்தார். நான் புதிதாக எது செய்தாலும் அவர் அறைக்குப் போய்க் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து தொட்டுப் பார்க்க வேண்டும். "பாத்து அமுக்குங்க அம்மிணி, எதுக்காச்சும் ஓகே விழுந்தறப் போகுது," என்பார் ஒவ்வொரு முறையும். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. என் விரல் தயங்கித் தயங்கித்தான் கண்ணாடியில் படும்.

புதிய பச்சைத் துண்டுகள் போய்ச் சேர்ந்தன. சில நாட்களில் பக்கத்தில் பி சாயலுக்கு நேராக ஓகே விழுந்தது. மற்ற இரண்டுக்கும் வேண்டாம் என்று வந்திருந்தது. நான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருவருமே வீரபாண்டிக்குப் போன் செய்யவில்லை.

"கூப்பிட்டுக் கேட்டுருதேன்," என்றார் அக்கா. வெளிநாட்டுக்கு நேராகப் போன் போட்டார். ஆங்கிலத்தில் நிறத்தின் பெயரைச் சொன்னார், பி என்ற எழுத்தை இரண்டுமுறை சொன்னார், கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"வாயாலயும் ஓகேங்குதாவ, பிள்ள."

"மெயிலும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்கக்கா," என்றேன்.